செல் சுவரைக் கண்ணால் பார்ப்போம்: சின்ன வெங்காயத்திலிருந்து தென்னை வாடல் நோய் வரை ஒரு முழுமையான வழிகாட்டி

சாம்பார் கொதிக்கும்போது கத்தரிக்காய் பத்து நிமிடத்தில் குழைந்துவிடுகிறது. அதே அடுப்பில் சிப்பிக் காளானை அரை மணி நேரம் வேகவைத்தாலும் பல்லுக்கு நறுக்கென்றுதான் தட்டுப்படுகிறது. பனியன் துணியை எத்தனை தடவை வெந்நீரில் அலசினாலும் கரைவதில்லை. டாக்டர் எழுதிக்கொடுக்கும் அமாக்சிசிலின் (பெனிசிலின் வகை மருந்து) பாக்டீரியாவை உடைக்கிறது, நம் உடம்பின் செல்லை விட்டுவிடுகிறது. இந்த நாலுக்கும் காரணம் செல்லைச் சுற்றியிருக்கும் சுவரும் அது செய்யப்பட்ட பொருளும்தான்.

பொள்ளாச்சிப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் உயிரியல் நடத்துகிறேன். "செல் சுவர் செல்லுக்கு வடிவமும் உறுதியும் தருகிறது" என்ற ஒரு வரியை மனப்பாடம் செய்துவிட்டுப் பதினொன்றாம் வகுப்புக்கு வருகிறார்கள் பிள்ளைகள். அந்த வரி சரிதான். ஆனால் அதை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது. அதனால் நான் இரண்டு கேள்விகளைக் கொடுத்துவிடுவேன்: இந்தச் சுவர் எதனால் ஆனது? இதை எது கரைக்கும்? தாவரம், பாசி, பூஞ்சை, பாக்டீரியா எதைப் பார்த்தாலும் இந்த இரண்டையும் கேட்டால் போதும். கீழே உள்ள படிகளை அந்த வரிசையில்தான் அமைத்திருக்கிறேன். ஆசிரியர்களுக்கும், பிள்ளைகளோடு உட்கார்ந்து பார்க்க ஆசைப்படும் பெற்றோருக்கும் பயன்படும்.

எடுத்து வைக்க வேண்டியவை

பள்ளி ஆய்வகத்தில் இருக்கும் சாதாரண கூட்டு நுண்ணோக்கி போதும். கண்ணருகு லென்ஸ் 10 மடங்கு, பொருளருகு லென்ஸ் 40 மடங்கு என்றால் மொத்தம் 400 மடங்கு பெரிதாகத் தெரியும். கடைசியில் வரும் பாக்டீரியாவுக்கு மட்டும் எண்ணெய் விட்டுப் பார்க்கும் 100 மடங்கு லென்ஸ் வேண்டும். வீட்டில் பார்க்க நினைப்பவர்கள், ஸ்டான்ஃபோர்டில் மனு பிரகாஷ் குழு 2014இல் வெளியிட்ட ஃபோல்ட்ஸ்கோப் என்ற காகித நுண்ணோக்கியை வைத்தே முதல் ஐந்து படிகளைச் செய்துவிடலாம்.

ஸ்லைடு, கவர் ஸ்லிப், அயோடின் கரைசல், சஃப்ரானின், கிரிஸ்டல் வயலட், ஆல்கஹால் ஆகியவை ஆய்வகத்தில் இருக்கும். மற்றதெல்லாம் சமையலறையிலும் தோட்டத்திலும் கிடைக்கும்: சின்ன வெங்காயம், உருளைக்கிழங்கு, கொய்யாப்பழம், கொஞ்சம் பருத்தி, காளான், தயிர், மாட்டுத் தண்ணித் தொட்டியில் படர்ந்த பாசி.

படி 1: சின்ன வெங்காயம், ஒரு தேக்கரண்டி உப்பு

வெங்காயத்தை நாலாகப் பிளந்து ஒரு இதழை எடுங்கள். உட்பக்கத் தோல் நிறமில்லாமல், சுலபமாக உரிந்து வரும். எல்லாப் புத்தகமும் அதைத்தான் எடுக்கச் சொல்லும். நான் வெளிப்பக்கத்து ஊதா நிறத் தோலை எடுக்கச் சொல்கிறேன். உரிக்கக் கொஞ்சம் பொறுமை வேண்டும், பிளேடால் லேசாகக் கீறிவிட்டு இடுக்கியால் இழுத்தால் விரல் நகம் அளவுக்கு வந்துவிடும். அதைத் தண்ணீர்த் துளியில் விரித்து, கவர் ஸ்லிப்பைச் சாய்த்து மெதுவாக இறக்குங்கள்.

செங்கல் அடுக்கியது போல் செல்கள் தெரியும். ஒவ்வொன்றும் ஓரம்வரை ஊதா நிறம் நிறைந்திருக்கும். இப்போது ஒரு தேக்கரண்டி உப்பை அரை டம்ளர் தண்ணீரில் கரைத்து, கவர் ஸ்லிப்பின் ஒரு ஓரத்தில் இரண்டு துளி விடுங்கள். எதிர் ஓரத்தில் உறிஞ்சு தாளை வையுங்கள். உப்புத் தண்ணீர் உள்ளே இழுக்கப்படும். கண்ணை எடுக்காமல் பாருங்கள். ஓரிரு நிமிடத்தில் ஊதா நிறம் மூலைகளிலிருந்து விலக ஆரம்பிக்கும். கொஞ்ச நேரத்தில் செங்கல் அப்படியே இருக்க, அதற்குள் ஒரு ஊதா உருண்டை சுருங்கிக் கிடக்கும்.

முதல்முறை இதைப் பார்க்கும் பிள்ளையின் முகத்தைப் பார்ப்பதற்காகவே ஒவ்வொரு வருஷமும் செய்கிறேன். "ஏனுங் மிஸ், அப்ப செவுரு வேற, உள்ள இருக்கற பை வேறயாங்?" என்று ஒரு பெண் கேட்டாள். அவ்வளவுதான் பாடம். சுருங்கியது செல் சவ்வும் அதற்குள் இருப்பதும். நகராமல் நின்றது செல் சுவர். இன்னொன்றையும் கவனிக்கச் சொல்லுங்கள்: சுவருக்கும் உருண்டைக்கும் இடையில் வந்த வெற்றிடத்தில் என்ன இருக்கிறது? உப்புத் தண்ணீர். அது சுவரைத் தாண்டித்தானே வந்தது? அப்படியானால் சுவர் எதையும் தடுக்கவில்லை. அதில் சில நானோமீட்டர் அகலமுள்ள துளைகள் இருக்கின்றன, தண்ணீரும் உப்பும் சர்க்கரையும் தாராளமாகப் போய்வரும். எதை விடுவது, எதை நிறுத்துவது என்று காவல் காப்பது சவ்வு.

பிறகு உப்பை எடுத்துவிட்டு நல்ல தண்ணீரை இழுத்து விடுங்கள். உருண்டை மறுபடி விரிந்து சுவரை முட்டும். அந்த முட்டலுக்குப் பெயர் விறைப்பழுத்தம். பல தாவரச் செல்களில் அது கார் டயரில் நாம் அடிக்கும் காற்றழுத்தத்தைப் போல இரண்டு மூன்று மடங்கு இருக்கும். சுவர் மட்டும் இல்லையென்றால் மழைத் தண்ணீரிலேயே செல் வெடித்துவிடும். வெயிலில் துவண்ட கீரைக்கட்டைத் தண்ணீரில் போட்டால் நிமிர்வதும் இதனால்தான்.

1665இல் ராபர்ட் ஹூக் கார்க் பட்டையைச் சீவிப் பார்த்து 'செல்' என்று பெயர் வைத்தாரே, அவர் பார்த்ததும் சுவரைத்தான். உள்ளே இருந்த உயிர் எப்போதோ போய்விட்டது. காலி அறைகளின் சுவர்கள் மட்டும் நின்றன. உயிரியலின் அடிப்படைச் சொல்லே இந்தச் சுவரிலிருந்து பிறந்தது.

படி 2: வெந்தது எது?

ஒரு உருளைக்கிழங்கை நன்றாக வேகவைத்து, குண்டூசி முனையளவு எடுத்து அயோடின் துளியில் கலந்து பாருங்கள். வெந்த கிழங்கில் செல்லெல்லாம் உடைந்து கூழாகியிருக்கும் என்றுதான் எல்லாரும் நினைப்பார்கள். உண்மையில் முழு முழுச் செல்களாக, கருநீல மாவு நிறைந்த பைகளாக, தனித்தனியே மிதக்கும். சுவர் பெரும்பாலும் உடையவில்லை. சுவரையும் சுவரையும் ஒட்டிவைத்திருந்த பசை போய்விட்டது.

அந்தப் பசைதான் பெக்டின். தாவரச் செல்லின் முதன்மைச் சுவரை இப்படி நினைத்துக்கொள்ளலாம்: செல்லுலோஸ் நூல்கள் கம்பி போல ஓடுகின்றன, ஹெமிசெல்லுலோஸ் அவற்றைக் கட்டுகிறது, பெக்டின் இடைவெளியை நிரப்புகிறது. பக்கத்துப் பக்கத்துச் செல்களுக்கு நடுவில் இருக்கும் மைய அடுக்கு கிட்டத்தட்ட முழுக்கப் பெக்டின்தான், அதை இறுக்கிப் பிடிப்பது கால்சியம். செல்லுலோஸ் கொதிநீருக்கு அசையாது. பெக்டின் அசையும்.

இதைச் சோதிக்க மூன்று சட்டிகள் போதும். ஒரே அளவில் நறுக்கிய பீன்ஸை ஒன்றில் வெறும் தண்ணீரிலும், இன்னொன்றில் ஒரு சிட்டிகை சமையல் சோடாவோடும், மூன்றாவதில் புளிக்கரைசலிலும் பத்து நிமிடம் வேகவையுங்கள். சோடா போட்டது விரல் பட்டாலே நசுங்கும். புளியில் வெந்தது விறைப்பாகவே இருக்கும். காரம் பெக்டினைச் சீக்கிரம் அறுக்கிறது, புளிப்பு அதைத் தாமதப்படுத்துகிறது. பருப்பும் காயும் வெந்த பிறகுதான் புளி ஊற்ற வேண்டும் என்று அம்மாக்கள் சொல்வதில் இந்த வேதியியல் அப்படியே இருக்கிறது.

வகுப்பில் வருஷம் தவறாமல் வரும் கேள்வி ஒன்று உண்டு. "எங்கூட்டுப் போர் தண்ணியில தொவரம்பருப்பு வேகவே மாட்டேங்குதுங். கோயமுத்தூர்ல அமுச்சி வீட்டுச் சிறுவாணித் தண்ணியில மட்டும் சட்டுனு வெந்துருது. ஏனுங்?" நம் பக்கத்து ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர் பல இடங்களில் கடின நீர், கால்சியமும் மெக்னீசியமும் அதிகம். அந்தக் கால்சியம் பருப்பின் பெக்டினுக்குள் போய் இன்னும் இரண்டு முடிச்சுப் போட்டுவிடுகிறது. மலையிலிருந்து வரும் சிறுவாணித் தண்ணீர் மென்மையானது, முடிச்சுப் போடுவதற்கு அதில் பெரிதாக ஒன்றும் இல்லை. பூசணிக்காய் மிட்டாய் செய்பவர்கள் துண்டுகளைச் சுண்ணாம்புத் தண்ணீரில் ஊறவைப்பதும் இதே முடிச்சை வேண்டுமென்றே போட்டுக்கொள்வதற்குத்தான். அப்படி ஊறிய துண்டு பாகில் எவ்வளவு கொதித்தாலும் உருக்குலையாது.

காய் பழுப்பதும் இந்தக் கதைதான். பழுக்கும் பழம் தன் பெக்டினைத் தானே நொதிகளால் அறுத்துக்கொள்கிறது.

படி 3: பருத்தி, கொய்யா, தேங்காய் மட்டை

முதன்மைச் சுவர் வளரும் செல்லுக்கானது, இழுத்தால் நீளும். வளர்ச்சி நின்ற பிறகு சில செல்கள் உட்பக்கமாக இன்னொரு சுவரை எழுப்பிக்கொள்கின்றன. அதுதான் இரண்டாம் நிலைச் சுவர். அதைப் பார்க்க நம் ஊரைவிட நல்ல இடம் கிடைக்காது.

பருத்திக் கொட்டையிலிருந்து ஒரே ஒரு இழையைப் பிரித்தெடுங்கள். அது ஒரே செல். விதைத் தோலின் ஒரு செல், பூ பூத்த நாளிலிருந்து நீண்டுகொண்டே போய் இரண்டரை, மூன்று சென்டிமீட்டர் ஆகிறது. அகலத்தைப் போல ஆயிரம் மடங்குக்கும் மேல் நீளம்! நீண்டது போதும் என்றானதும் செல்லுலோஸை அடுக்கடுக்காக உட்புறம் பூச ஆரம்பிக்கிறது. முற்றிய இழையில் பத்தில் ஒன்பது பங்குக்கும் மேல் செல்லுலோஸ், வேறெந்தத் தாவரச் செல்லிலும் இவ்வளவு சுத்தமாகக் கிடைப்பது அரிது. காய் வெடித்ததும் செல் இறந்து காய்கிறது, குழாய் சப்பையாகித் திருகிக்கொள்கிறது. நுண்ணோக்கியில் முறுக்கிய ரிப்பன் போல் தெரியும். அந்த முறுக்கு இருப்பதால்தான் இழைகள் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு நூலாகின்றன.

அடுத்து பனியன் வேஸ்டிலிருந்து ஒரு நூலைப் பிரித்துப் போடுங்கள். முறுக்கு ரிப்பன் தெரிந்தால் பஞ்சு. வழவழப்பான கண்ணாடிக் குச்சி போல் தெரிந்தால் பாலியஸ்டர். இரண்டும் கலந்திருந்தால் இரண்டும் தெரியும். திருப்பூர்ப் பிள்ளைகள் இந்தச் சோதனையை வீட்டுக்குக் கொண்டுபோய் அப்பாவிடம் காட்டாமல் இருந்ததில்லை. மெர்சரைஸ் செய்த நூல் கிடைத்தால் அதையும் பாருங்கள். ஜான் மெர்சர் 1844இல் கண்ட முறை அது: காஸ்டிக் சோடா பட்டதும் செல் சுவர் உப்பி, ரிப்பன் உருண்டையாகிறது. நூலை இழுத்துப் பிடித்துச் செய்தால் பளபளப்பும் வருகிறது. சாயம் ஏறுவதும் கூடுகிறது.

திருப்பூரில் 'பயோ வாஷ்' என்கிறார்களே, அது என்ன? செல்லுலேஸ் என்ற நொதி கலந்த தண்ணீரில் துணியை ஓட்டுகிறார்கள். துணிமேல் துருத்திக்கொண்டிருக்கும் நுண்ணிழைகளின் செல் சுவரை நொதி கடித்து எடுத்துவிடுகிறது. நேரம் கூடிப்போனால் துணியே பலவீனமாகும், ஏனென்றால் துணி முழுக்கவே செல் சுவர்தான். இது எதனால் ஆனது, எதனால் கரையும் என்ற கேள்வி ஒரு ஊரின் தொழிலாகவே நடக்கிறது. கோவையில் உள்ள மத்தியப் பருத்தி ஆராய்ச்சி நிலையத்தின் மண்டல மையத்தில் 1974இல் வெளிவந்த சுவின் ரகம் மிக நீண்ட இழைக்குப் பெயர் போனது. அங்கே வளர்த்தெடுத்தது ஒரு ஒற்றைச் செல்லின் நீளத்தை என்று சொன்னால் பிள்ளைகளுக்குச் சிலிர்ப்பு வரும்.

கொய்யாவுக்கு வருவோம். பழத்தின் சதையில் பல்லில் நறநறவென்று கடிபடும் துகள் ஒன்றை எடுத்து, ஸ்லைடில் நசுக்கி, சஃப்ரானின் ஒரு துளி விடுங்கள். சுவர் கிட்டத்தட்ட செல் முழுவதையும் அடைத்துக்கொண்டிருக்கும், நடுவில் ஒரு சின்னப் பொட்டு மட்டும் காலி, அதிலிருந்து ஆரம் போல நுண்ணிய கால்வாய்கள். இவை கல் செல்கள். சஃப்ரானின் இவ்வளவு அழுத்தமாக ஏறுவது லிக்னின் இருப்பதால். லிக்னின் சர்க்கரைச் சங்கிலி அல்ல, முற்றிலும் வேறு குடும்பம். கம்பியாகிய செல்லுலோஸுக்கு நடுவே கான்கிரீட் கொட்டியது போல் இறுகி நிற்கும். மரத்தை மரமாக்குவது இதுதான்.

தேங்காய் மட்டையின் நாரில் லிக்னின் ஏராளம். அதனால்தான் கயிறு வருஷக்கணக்கில் தண்ணீரில் கிடந்தாலும் தாங்குகிறது, நார் மில்லுக்குப் பக்கத்தில் குவிந்த நார்க்கழிவும் மக்காமல் அப்படியே கிடக்கிறது. மாட்டுக்கும் இதே சிக்கல். மாட்டின் வயிற்றில் இருக்கும் நுண்ணுயிர்கள் செல்லுலோஸை உடைக்கும், ஆனால் லிக்னினிடம் தோற்றுவிடும். இளசான சோளத்தட்டைக் காங்கேயம் மாடு விரும்பித் தின்று சதை பிடிப்பதும், முற்றிய தட்டில் அந்தச் சத்து கிடைக்காமல் போவதும் செல் சுவருக்குள் லிக்னின் ஏறிய கணக்குதான்.

படி 4: தொட்டிப் பாசி

மாட்டுத் தண்ணித் தொட்டியிலோ வாய்க்கால் ஓரத்திலோ பச்சைத் தலைமுடி போல மிதக்கும் பாசியை எடுங்கள். விரலுக்கு வழுக்கினால் அது பெரும்பாலும் ஸ்பைரோகைராவாக இருக்கும். ஓர் இழையை விரித்து வைத்தால் சுருள் சுருளாகப் பசுங்கணிகம் தெரியும். அதன் சுவரில் உள்ளே செல்லுலோஸ், வெளியே பெக்டின் வகைக் கோழை. வழுக்கலுக்குக் காரணம் அந்தக் கோழை. படி 1இல் செய்தது போல உப்புத் தண்ணீர் விட்டால் இங்கேயும் உள்ளடக்கம் சுருங்கும், சுவர் நிற்கும்.

பாசி என்ற ஒரே சொல்லுக்குள் ஏகப்பட்ட குடும்பங்களை அடைத்து வைத்திருக்கிறோம், சுவரைப் பார்த்தால் குட்டு வெளிப்பட்டுவிடும். தொட்டியின் அடியில் பழுப்பாகப் படிந்திருக்கும் சேற்றில் டயாட்டம்கள் இருக்கும். அவற்றின் சுவர் சிலிக்கா, அதாவது கண்ணாடி. சோப்பு டப்பாவும் மூடியும் போல இரண்டு பாதிகளாகப் பொருந்தியிருக்கும், மேலே கோடும் புள்ளியுமாகக் கோலம். கடலில் வளரும் சிவப்புப் பாசியின் சுவரில் அகார் இருக்கிறது, ஆய்வகத்தில் பாக்டீரியா வளர்க்கும் கூழும் பால் கடற்பாசி இனிப்பும் அதிலிருந்து வந்தவை. பழுப்புப் பாசியில் ஆல்ஜினேட். ரியாக்டிவ் சாயத்தில் துணிக்குப் பிரிண்டிங் போடுகிறவர்கள் சாயப்பசையைக் கெட்டியாக்க சோடியம் ஆல்ஜினேட் கலப்பார்கள், அது சாயத்தோடு வினைபுரியாமல் ஒதுங்கி நிற்கும், பிறகு அலசினால் போய்விடும். ஒரு பாசியின் சுவர்ப்பொருள் பருத்தியின் சுவருக்குச் சாயத்தைச் சுமந்துகொண்டு போகிறது.

மாட்டுத் தீவனத்துக்கு அசோலா என்ற நீர்ப்பெரணியைத் தொட்டியில் வளர்ப்பவர்கள் அதன் ஒரு இலையை நசுக்கிப் பாருங்கள். மணிமாலை போல நீலப்பச்சைச் சங்கிலிகள் தெரியும். நீலப்பசும்பாசி என்று சொன்னாலும் அது பாசியே அல்ல, பாக்டீரியா. அதன் சுவரில் இருப்பது பெப்டிடோகிளைக்கான் என்ற பொருள், அது என்ன என்று அடுத்த படியில் பார்ப்போம்.

படி 5: காளானும் மஞ்சள் காடும்

சிப்பிக் காளானின் காம்பை நீளவாக்கில் கிழித்து, முடி போன்ற ஒரு பிசிறை மட்டும் எடுத்து அயோடினிலோ சஃப்ரானினிலோ போடுங்கள். செங்கல் அடுக்கு இருக்காது. இடியாப்பம் போல இழை இழையாகப் பின்னிக் கிடக்கும். ஒவ்வொரு இழைக்கும் சுவர் உண்டு, அதில் கைட்டினும் பீட்டா குளுக்கான் என்ற சர்க்கரைச் சங்கிலியும் இருக்கின்றன. ஹென்றி பிராகோனோ 1811இல் காளானிலிருந்துதான் கைட்டினை முதலில் பிரித்தெடுத்தார். செல்லுலோஸை அன்செல்ம் பாயன் கண்டது 1838இல், அதற்கும் 27 வருஷம் கழித்து. நண்டு ஓட்டிலும் வண்டின் முதுகிலும் இருப்பது இதே கைட்டின்.

இப்போது காளான் ஏன் குழையவில்லை என்பது தெரிந்திருக்கும். கத்தரிக்காயில் கரைந்து போகப் பெக்டின் இருந்தது. காளானில் பெக்டின் பசையே இல்லை, கைட்டினோ கொதிக்கு அசைவதில்லை.

ஒரு வேதியியல் குறிப்பை இந்த இடத்தில் கரும்பலகையில் எழுதிவிடுவது நல்லது. செல்லுலோஸ் என்பது குளுக்கோஸ் மணிகளைப் பீட்டா 1,4 பிணைப்பால் கோத்த மாலை. மணியில் ஒரு சிறு நைட்ரஜன் தொகுதியைச் சேர்த்து அதே பிணைப்பால் கோத்தால் கைட்டின். அந்த மணியையும் அதன் இன்னொரு வடிவத்தையும் ஒன்று விட்டு ஒன்றாக, மறுபடியும் அதே பீட்டா 1,4 பிணைப்பால் கோத்து, சிறு புரதத் துண்டுகளால் குறுக்கே கட்டினால் பாக்டீரியாவின் பெப்டிடோகிளைக்கான். மாவுச்சத்தும் குளுக்கோஸ் மாலைதான், ஆனால் அதில் பிணைப்பு ஆல்ஃபா. அந்த ஒரு திருப்பத்தால் சோறு நமக்குச் செரிக்கிறது, பஞ்சு செரிப்பதில்லை.

காளானுக்குத் தன் சுவரைக் காக்கத் தெரிந்தது போல அடுத்தவர் சுவரை இடிக்கவும் தெரியும். நார்க்கழிவு மக்கவில்லை என்றேனே, அதற்கு வேளாண் பல்கலைக்கழகம் சொல்லும் வழி சிப்பிக் காளான் வித்துதான். ஒரு டன் நார்க்கழிவுக்கு 5 புட்டி காளான் வித்து, 5 கிலோ யூரியா. அடுக்கு மாற்றி அடுக்கு தூவி, ஈரம் காயாமல் பார்த்துக்கொண்டால் இரண்டு மாதத்தில் கறுத்து உரமாகிவிடும். மாட்டு வயிறு தோற்ற லிக்னினை இந்தப் பூஞ்சையின் நொதிகள் பிரித்துப் போடுகின்றன.

மஞ்சள் நடும்போது டிரைக்கோடெர்மா விரிடி என்ற நன்மை செய்யும் பூஞ்சையைக் கலந்து போடுவதும் சுவர்ச் சண்டைதான். அது நோய்ப் பூஞ்சையின் இழையைச் சுற்றிக்கொண்டு, கைட்டினேஸ், குளுக்கனேஸ் நொதிகளால் அதன் சுவரில் ஓட்டை போடும். ஈரோட்டுப் பக்கம் மஞ்சள் கிழங்கை அழுக வைக்கும் பித்தியம் என்ற நுண்ணுயிர் பார்ப்பதற்குப் பூஞ்சை மாதிரியே இருக்கும், ஆனால் பூஞ்சை அல்ல. அதன் சுவரில் பிரதானமாக இருப்பது குளுக்கானும் செல்லுலோஸும், கைட்டினைப் பேருக்குத் தேட வேண்டும். உருவத்தைப் பார்த்து ஒரே இனத்தில் சேர்த்தவர்கள் சுவரைப் பார்த்த பிறகு பிரித்து வைத்தார்கள்.

படி 6: தயிர்த் தண்ணீரும் கிராம் சாயமும்

இந்தப் படியைப் பெரியவர் துணையோடு ஆய்வகத்தில் மட்டும் செய்யுங்கள். ஆல்கஹால் பக்கத்தில் தீச்சுடர் இருக்கக் கூடாது. எந்தக் கிருமியையும் தட்டில் வளர்க்க வேண்டாம், தயிர் போதும்.

தயிர்மேல் தெளிந்து நிற்கும் தண்ணீரில் ஒரு சொட்டை ஸ்லைடில் மெல்லியதாகப் பரப்பிக் காயவிடுங்கள். சுடரின் மேலே மூன்று முறை வேகமாகக் காட்டி எடுத்தால் ஒட்டிக்கொள்ளும். சுடரை அணைத்துவிடுங்கள். கிரிஸ்டல் வயலட் ஒரு நிமிடம், அலசல். அயோடின் ஒரு நிமிடம், அலசல். பிறகு ஸ்லைடைச் சாய்த்துப் பிடித்து ஆல்கஹாலைச் சொட்டுச் சொட்டாக விடுங்கள், வழிந்தோடும் துளியில் ஊதா நின்றதும் உடனே தண்ணீரில் அலசுங்கள். கடைசியாகச் சஃப்ரானின் ஒரு நிமிடம், அலசி, காயவைத்து, எண்ணெய் லென்ஸில் பாருங்கள்.

ஆல்கஹால் கட்டத்தில்தான் எல்லாரும் தவறுவார்கள். கல்லூரியில் முதல்முறை செய்தபோது நான் அரை நிமிடத்துக்கு மேல் விட்டுவிட்டேன். தயிர் பாக்டீரியா முழுக்க இளஞ்சிவப்பாகத் தெரிந்தது, குறிப்பேட்டில் 'கிராம் நெகட்டிவ்' என்று எழுதியும் கொடுத்துவிட்டேன். அன்றிலிருந்து மாணவர்களுக்குச் சொல்வது: கடிகாரத்தைப் பார்க்காதே, வழியும் துளியின் நிறத்தைப் பார்.

சரியாகச் செய்தால் ஊதா நிறத்தில் குச்சிகளும் மணிச் சங்கிலிகளும் தெரியும். இவை கிராம் பாசிட்டிவ். ஒப்பிட்டுப் பார்க்க இன்னொரு ஸ்லைடில் பல் இடுக்கில் குச்சியால் சுரண்டியதைப் பரப்பிச் சாயம் ஏற்றுங்கள், ஊதாவும் இளஞ்சிவப்பும் கலந்து கிடக்கும்.

டென்மார்க்காரரான ஹான்ஸ் கிறிஸ்டியன் கிராம் 1884இல் இந்த முறையை வெளியிட்டபோது இதன் காரணம் சுவர் என்று யாருக்கும் தெரியாது. கிராம் பாசிட்டிவ் பாக்டீரியாவின் பெப்டிடோகிளைக்கான் சுவர் தடிமனானது, 20 முதல் 80 நானோமீட்டர். ஆல்கஹால் பட்டதும் அது வறண்டு இறுகி, சாயத்தை உள்ளேயே சிறைப்பிடித்துவிடும். கிராம் நெகட்டிவில் சுவர் சில நானோமீட்டர்தான், அதற்கு வெளியே கொழுப்பாலான இன்னொரு சவ்வு. ஆல்கஹால் அந்தச் சவ்வைக் கரைக்க, ஊதா வழிந்துவிடும், பின்னால் வரும் சஃப்ரானின் ஏறிக்கொள்ளும்.

இப்போது இரண்டாவது கேள்வி. பெப்டிடோகிளைக்கானை எது கரைக்கும்? நாமக்கல் முட்டையின் வெள்ளைக்கருவில் விடை இருக்கிறது: லைசோசைம். நம் கண்ணீரிலும் எச்சிலிலும் உண்டு. அலெக்சாண்டர் ஃபிளெமிங் 1922இல் இதைக் கண்டார். அது சுவரின் சர்க்கரை மாலையையே அறுத்துவிடும். ஆறு வருஷம் கழித்து, 1928இல், அவரே கண்ட பெனிசிலின் வேறு வழியில் போகிறது. கட்டிய சுவரை அது தொடாது. புதிதாகக் கட்டும்போது மாலைகளைக் குறுக்கே பிணைக்கும் நொதியின் கையைப் பிடித்துக்கொள்ளும். வளரும் பாக்டீரியா பழைய சுவரை அறுத்து இடம் செய்துகொண்டே போகும், புதுப் பிணைப்போ விழாது. உள்ளே 20 வளிமண்டலம் வரை அழுத்தம். பட்டென்று வெடித்துவிடும். பெருகாமல் சும்மா கிடக்கும் பாக்டீரியாவைப் பெனிசிலின் அவ்வளவாகப் பாதிக்காததும் இதனால்தான். நம் செல்லுக்குச் சுவரே கிடையாது, அதனால் நமக்கு ஆபத்தில்லை. ஒவ்வாமை என்பது தனி விஷயம்.

மாட்டுக்கு மடிநோய் வந்தால் கால்நடை மருத்துவர் பால் மாதிரி கேட்பதற்கும் இதில் காரணம் இருக்கிறது. ஸ்டஃபைலோகாக்கஸாக இருந்தால் ஊதா, ஈ.கோலியாக இருந்தால் இளஞ்சிவப்பு. வெளிச் சவ்வு போர்த்திய கிராம் நெகட்டிவுக்குள் பல மருந்துகள் நுழையவே முடியாது. போன தடவை பக்கத்துத் தோட்டத்து மாட்டுக்குக் கேட்ட ஊசி நம் மாட்டுக்கும் கேட்கும் என்று நம்பிக் கடையில் வாங்கிப் போடாதீர்கள்.

படி 7: சுவர் இல்லாத எதிரி

கடைசிப் படிக்கு ஸ்லைடு வேண்டாம். தென்னந்தோப்புக்குள் போய் அண்ணாந்து பார்க்க வேண்டும்.

ஆனைமலைப் பக்கம் பல தோப்புகளில் கேரள வேர் வாடல் நோய் பரவியிருக்கிறது. கீற்றின் இலைகள் விறைப்பிழந்து உள்பக்கமாக வளைந்து, மட்டை பார்ப்பதற்கு விலா எலும்புக்கூடு போல ஆகிவிடும். பிறகு மஞ்சள், ஓரம் கருகல், காய் குறைவு. மரம் சட்டென்று சாகாது, வருஷக்கணக்கில் மெலிந்துகொண்டே போகும். எங்கள் உறவில் ஒரு மாமா, தோட்டத்து மரம் ஒன்றைத் தடவிக்கொடுத்தபடி கேட்டார்: "ஏங்கண்ணு, மனுசனுக்கு ஊசி போட்டா காச்சல் நிக்குது. இதுக்கும் கிருமின்னுதான சொல்றாங்க, பென்சிலின் மாதிரி ஒண்ணு போட்டா நிக்காதா?"

நல்ல கேள்வி. அந்தக் கிருமி பைட்டோபிளாஸ்மா, ஒருவகைப் பாக்டீரியா. மரத்தின் உணவுக் குழாய்க்குள் வாழ்கிறது. அதற்குச் செல் சுவர் இல்லை, வெறும் சவ்வுதான். செல்லுக்குள்ளிருக்கும் சாற்றிலேயே குடியிருப்பதால் வெடித்துவிடாமல் பிழைக்கிறது. சுவர் கட்டுவதைத் தடுக்கும் பெனிசிலினுக்கு அங்கே தடுப்பதற்கு ஒன்றுமே இல்லை. புரத உற்பத்தியை நிறுத்தும் டெட்ராசைக்ளின் குடும்ப மருந்துகள் அதை அடக்கும், ஆனால் நிறுத்தியதும் அறிகுறி திரும்பிவிடும், தோப்பு முழுக்க அப்படிச் செய்துகொண்டிருக்கவும் முடியாது. ஆகவே வழி வேறு. சாறு உறிஞ்சும் கண்ணாடி இறக்கைப் பூச்சியும் தத்துப்பூச்சியும்தான் இதை மரத்துக்கு மரம் கொண்டுபோகின்றன, முதலில் அவற்றைக் கட்டுப்படுத்த வேண்டும். நோய் முற்றி ஆண்டுக்கு 10 காய்கூடக் காய்க்காத மரத்தை எடுத்துவிட்டு, மற்றவற்றுக்குத் தொழுவுரமும் பசுந்தாளும் சரியான உரமும் கொடுத்துத் தாக்குப்பிடிக்க வைக்க வேண்டும்.

மாமாவுக்கு இதையெல்லாம் தரையில் குச்சியால் படம் போட்டுத்தான் சொன்னேன்: ஒரு வட்டம், அதைச் சுற்றி இன்னொரு கனமான வட்டம், பக்கத்தில் சுற்று இல்லாத வெறும் வட்டம். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "செவுரே இல்லாத ஊட்டுக்குக் கடப்பாறை எதுக்குங் கண்ணு" என்றார். மறுநாள் காலையில் ஐந்து மரங்களில் சிவப்புப் பெயின்டால் குறி போட்டிருந்தார்.